வெப்பமும் வெப்பநிலையும் ஒன்றுதானா?

இல்லை. வெப்ப இயக்கவியல் படிக்கத் தொடங்குபவர்கள் முதலில் பிரித்தறிய வேண்டியவை இவை இரண்டும்தான். பொருளின் துகள்கள் சராசரியாக எவ்வளவு துடிப்புடன் அசைகின்றன என்பதைக் காட்டுவது வெப்பநிலை. சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்குப் பாயும் ஆற்றல் வெப்பம்.

கொதிக்கும் நீரில் வெப்பமானியை வைத்துப் பாருங்கள். வழக்கமான காற்றழுத்தத்தில் 100 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் அளவு அப்படியே நின்றுவிடும். அடுப்போ எரிந்துகொண்டேதான் இருக்கிறது. அந்த ஆற்றல் எங்கே போகிறது? ஒன்றையொன்று பற்றியிருக்கும் மூலக்கூறுகளைப் பிரித்தெடுப்பதிலேயே செலவாகிவிடுகிறது. அவற்றின் துடிப்பைக் கூட்ட மிச்சமில்லை. ஒரு கிலோ நீரை 0 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 420 கிலோஜூல் போதும். அதை முழுதும் ஆவியாக்க மேலும் சுமார் 2,260 கிலோஜூல் வேண்டும். ஐந்து மடங்குக்கு மேல்! (கொதிநீரைவிட நீராவி கடுமையாகச் சுடுவதும் இதனால்தான்.)

ஓர் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். நீர்மட்டம் வெப்பநிலை என்றால், பெய்யும் மழை வெப்பம். ஏரியில் விழுந்த பிறகு அதை யாரும் மழை என்பதில்லை.

‘சூடான பொருளுக்குள் வெப்பம் நிறைந்திருக்கிறது’ என்று பலரும் எழுதுவது இதனால்தான் பிழையாகிறது: உள்ளே இருப்பது அக ஆற்றல், அதாவது துகள்களிடம் உள்ள மொத்த ஆற்றல்; பொருளின் எல்லையைக் கடக்கும்போது மட்டுமே அதற்கு வெப்பம் என்று பெயர்.