மூன்று எஸ். சந்திரசேகர்கள்

கேள்வி: நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானி எஸ். சந்திரசேகர், 1967-இல் இந்திரா காந்தியின் அமைச்சரவையில் சுகாதார அமைச்சராகவும் இருந்தார் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். விஞ்ஞானியை அமைச்சராக்கும் அந்தப் பெருந்தன்மை இன்றைய ஆட்சியாளர்களுக்கு ஏன் இல்லை?

பதில்: பெருந்தன்மையை விசாரிப்பதற்கு முன் ஆளை விசாரித்திருக்கலாம். நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், 1937 முதல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றி, 1953-இல் அமெரிக்கக் குடியுரிமையும் பெற்றவர். அயல்நாட்டுக் குடிமகன் நாடாளுமன்ற உறுப்பினராக முடியாது என்னும்போது, மத்திய அமைச்சராக நீடிப்பது எப்படி? போதாக்குறைக்கு, அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததே 1983-இல்தான்.

1967-இல் அமைச்சரானவர், ராஜமுந்திரியில் பிறந்த ஸ்ரீபதி சந்திரசேகர், மக்கள்தொகையியல் அறிஞர், சுகாதாரத்தோடு குடும்பக் கட்டுப்பாட்டுத் துறையையும் கவனித்தவர். ஒரு வெண்குறுமீன் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன விண்மீன்) எவ்வளவு நிறை வரை தாங்கும் என்று கணக்கிட்டு, சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்று வரம்பு கட்டியவர் முன்னவர்; ஒரு நாடு எத்தனை பேரைத் தாங்கும் என்று கவலைப்பட்டவர் பின்னவர். இருவருக்கும் பொதுவாக இருந்தவை ஒரு பெயரும் ஓர் எழுத்தும் மட்டுமே.

இதோடு முடிந்திருந்தால் நல்லது. பெங்களூரு இராமன் ஆய்வு நிறுவனத்தில், வட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் (திரவம்போல் ஓடினாலும் படிகம்போல் ஓரளவு ஒழுங்குடன் இருக்கும் நிலை) என்று 1977-இல் தம் குழுவினருடன் காட்டிய இயற்பியலாளரும் எஸ். சந்திரசேகர்தான். இவருடைய 'எஸ்', சிவராமகிருஷ்ணன் என்ற தந்தையின் பெயர். தந்தை பெயர் வேறு என்பதால் இவரும் அயலார் என்று முடிவுகட்டிவிட வேண்டாம்: சிகாகோ சந்திரசேகர் சர் சி. வி. இராமனின் அண்ணன் மகன். இவர் இராமனின் தங்கை மகன். இருவருக்கும் பொதுவான தாத்தாவின் பெயர் சந்திரசேகர ஐயர் என்பதை அறிந்தவருக்கே இந்தப் பெயர் ஒற்றுமை ஏதாவது சொல்லும். 'எஸ்' ஒன்றும் சொல்லாது. தமிழரிடையே அது பெரும்பாலும் தந்தையின் முதலெழுத்து, தெலுங்கரிடையே பெரும்பாலும் வீட்டுப் பெயரின் முதலெழுத்து. அதைக் குடும்பப் பெயர்போல வாசிப்பவர்கள், அயலாரை ஒருவராக்கிவிட்டு, உண்மையான உறவினரைக் கவனிக்காமல் போகிறார்கள். (1990-இல் பிரதமரான சந்திரசேகரைத் தாங்கள் இந்தக் கணக்கில் சேர்க்காமல் விட்டதற்கு நன்றி.)

தங்கள் ஆதங்கத்தை மட்டும் தள்ளிவிட மாட்டேன். மக்கள்தொகையைப் படித்தவரிடமே அந்தத் துறை ஒப்படைக்கப்பட்டது உண்மைதான்; இன்று ஏன் அப்படி நடப்பதில்லை என்று தாராளமாகக் கேட்கலாம். அந்தக் கேள்விக்கு ஸ்ரீபதி சந்திரசேகரே போதுமானவர். அவர் கழுத்தில் இன்னொருவரின் நோபல் பதக்கத்தை மாட்டியிருக்கத் தேவையில்லை.