டெனாலிக்கு செப்டம்பர் 20-ஆ? வேண்டாங்க

குன்னூர்ல இருந்து கிளம்பி செப்டம்பர் 20-க்கு அலாஸ்காவோட டெனாலி தேசியப் பூங்கா போறதாவும், ஊட்டிக் குளிருக்கு வாங்கின ஸ்வெட்டர் போதுமான்னும் கேட்டிருந்தீங்க. முதல்ல தேதியை மாத்துங்க. பூங்கா பஸ் செப்டம்பர் நடுவிலேயே நின்னுடும். அதுக்கப்புறம் பூங்கா ரோட்டுல கொஞ்ச தூரம்தான் போக முடியும். ஆகஸ்ட் கடைசி, இல்லேன்னா செப்டம்பர் முதல் வாரம் சரி. செடியெல்லாம் நிறம் மாறி தரையே சிவந்து கிடக்கும், கோடையில சரியா இருட்டாத ராத்திரி இருட்டவும் ஆரம்பிச்சிருக்கும், அரோரா (ராத்திரி வானத்துல தெரியுற வண்ண ஒளி) பார்க்க வாய்ப்பு உண்டு. 2021-ல ப்ரெட்டி ராக்ஸ் நிலச்சரிவால 43-ஆவது மைல்ல பூங்கா ரோடு அடைபட்டுச்சு. டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி பஸ் எதுவரை போகுதுன்னு பாருங்க.

ஸ்வெட்டர் மட்டும் போதாது. நம்ம ஜனவரி உறைபனி மாதிரி காய்ஞ்ச குளிர் இல்ல அது, ஜூலைத் தூறல் காத்தோட சேர்ந்து அடிக்கிற குளிர். உள்ளே மெரினோ (மெல்லிசான கம்பளி) பனியன், நடுவுல உங்க ஸ்வெட்டர் (கம்பளியா இருந்தா), மேலே தண்ணி புகாத கோட்டும் பேன்ட்டும். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைஞ்சா லேசுல காயாது, உடம்புச் சூட்டையும் உறிஞ்சிடும்.

கரடி ஸ்ப்ரேயை (கரடி பாய்ஞ்சு வந்தா அடிக்கிற மிளகாய் ஸ்ப்ரே) செக்-இன் பையில்கூட விமானத்துல விடமாட்டாங்க, அலாஸ்காவுல ஃபேர்பேங்க்ஸ் ஊர்ல வாங்குங்க. பெல்ட்ல மாட்டணும்; முதுகுப் பைக்குள்ள இருந்தா எடுக்க நேரமே இருக்காது. கரடிகிட்ட இருந்து 300 கஜம், மூஸ்கிட்ட (ரொம்பப் பெரிய மான் வகை) இருந்து 25 கஜம் தள்ளி நிக்கணும்னு விதி. ஆனா செப்டம்பர்ல ஆண் மூஸுக்கு இணை தேடுற பருவம், 25-ஐ நம்பாம இன்னும் தள்ளியே நில்லுங்க.