21ஆம் நாள் ரிப்போர்ட்டை நம்பிச் சீட்டு எடுக்காதீர்கள்

வீரவநல்லூர் வாசகி ஒருவர் கேட்கிறார்: "வயது 27. திருமணமாகி இரண்டு வருடம். மாதவிலக்கு 45 நாளுக்கு ஒருமுறைதான் வருகிறது. ஸ்கேனில் இரண்டு பக்கமும் நீர்க்கட்டி என்றார்கள். 21ஆம் நாள் ரத்தம் எடுத்து, முட்டை வெடிக்கவில்லை என்றும் சொல்லிவிட்டார்கள். ஸ்கேன் வாசலில் பழக்கமான ஒருவர், லேப்ராஸ்கோப்பியில் (வயிற்றில் சிறு துளை போட்டுச் செய்யும் ஆபரேஷன்) கட்டியை எடுத்துவிட்டு டெஸ்ட் டியூப் முறைக்குப் போய்விடலாம், இந்த மாதம் முன்பணம் கட்டினால் சலுகை என்கிறார். பீடி சுற்றிப் போட்ட சீட்டை எடுத்துக் கட்டலாமா?"

கட்டாதீர்கள், அம்மா.

இரண்டு வருடமாகிவிட்டது, பரிசோதிப்பது சரிதான். ஆனால் அந்த 21ஆம் நாள் கணக்கு 28 நாளில் மாதவிலக்கு வருகிறவர்களுக்கானது. முட்டை வெடித்து ஒரு வாரம் கழித்துத்தான் ரத்தத்தில் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் நன்றாக ஏறும்; அந்தப் பரிசோதனையில் பார்ப்பது அதைத்தான். அதாவது அடுத்த மாதவிலக்குக்கு ஏழு நாள் முன்பு. உங்களுக்கு அது 38ஆம் நாள் வாக்கில். மாதவிலக்கு இன்னும் தள்ளிப்போனால் வாரம் ஒருமுறை திரும்பவும் எடுக்க வேண்டியிருக்கும். 21ஆம் நாளில் பார்ப்பது, கதிர் பால் பிடிக்கும் முன்பே வயலில் இறங்கிப் பதர் என்று சொல்வது போல. உங்களுக்கு எத்தனை நாள் சுற்று என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும். வரிசையில் ஆளுக்கு இரண்டு நிமிடம் ஒதுக்கினால் எப்படிக் கேட்பார்கள்?

'நீர்க்கட்டி' என்ற பெயர்தான் பாதிப் பயம். அது அறுத்தெடுக்க வேண்டிய கட்டியல்ல; முதிராமல் நின்றுபோன சிறு முட்டைப்பைகள். ரத்தத்தில் தைராய்டு, பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஆகிய ஹார்மோன்களைப் பார்த்து, எடை கூடியிருந்தால் குறைத்து, லெட்ரோசோல் போன்ற மாத்திரை கொடுத்து முட்டை வளர்கிறதா என்று ஸ்கேனில் கவனிப்பதுதான் முதல் வழி.

அதற்கும் முன்னால், உங்கள் கணவருக்கு விந்துப் பரிசோதனை எடுத்தார்களா? கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆணின் பங்கும் இருக்கிறது. பெண்ணைக் குத்திக் குடைந்து முடித்த பிறகுதான் நம் ஊரில் ஆணின் ஞாபகமே வருகிறது.

ஒன்று மட்டும் விலக்கு. சிறுவயதில் காசநோய்க்கு மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டதுண்டா? நெஞ்சில் வந்திருந்தாலும் சரி, கழுத்தில் நெறிக்கட்டியாக வந்திருந்தாலும் சரி, அந்தக் கிருமி சத்தமில்லாமல் கருக்குழாயில் போய் உட்காரக்கூடும். வலி இல்லாமலேயே குழாய் அடைத்திருக்கலாம். அப்படியானால் மாத்திரையில் மாதங்களைக் கழிக்க வேண்டாம். மாதவிலக்கு வந்து ரத்தப்போக்கு நின்ற சில நாளில், மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் குழாய்ப் பரிசோதனையை முதலில் செய்துவிட வேண்டும். கல்யாணத்துக்கு முன் வந்த நோயைப் புகுந்த வீட்டில் மறைத்திருப்பார்கள். மாமியாரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள்.

அந்த வாசல்காரரிடம் ஒன்று கேளுங்கள்: செயற்கைக் கருத்தரிப்பு மையங்களுக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி, அவர் சொல்லும் மையம் பதிவு பெற்றதா, சான்றிதழ் எங்கே? காட்டினாலும் சீட்டை எடுக்காதீர்கள். உங்கள் 38ஆம் நாள் ரிப்போர்ட்டும் கணவரின் ரிப்போர்ட்டும் முதலில் கைக்கு வரட்டும்.