விடியற்காலையில் நிற்கும் விர்ச்சுவல் மெஷின்: ராம் மாற்றுவதற்கு முன்

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர்கள் என் பொறுப்பு. 32 ஜிபி ராம் உள்ள ஒரே லினக்ஸ் சர்வரில் கேவிஎம், க்யூஎமு என்ற சாஃப்ட்வேர்களைப் போட்டு, நானே எழுதிய ஸ்கிரிப்டில் மூன்று விர்ச்சுவல் மெஷின்களை (ஒரே கம்ப்யூட்டருக்குள் தனிக் கம்ப்யூட்டர் போல ஓடுபவை) ஓட்டுகிறேன். இலைக் கணக்குக்கு 10 ஜிபி, கேமரா பதிவுக்கு 8 ஜிபி, எடைமேடை சாஃப்ட்வேருக்காக விண்டோஸ் ஒன்று, 4 ஜிபி. முதல் இரண்டும் சர்வரில் உள்ள ஒரு ஃபோல்டரை விர்ட்டியோ எஃப்எஸ் வழியாகப் பகிர்ந்துகொள்கின்றன. ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை, விடியற்காலை நாலு மணி பேக்கப் ஓடும்போது, கணக்கு மெஷின் அப்படியே நின்றுவிடுகிறது. லாகில் ‘கேவிஎம் ரன் ஃபெயில்டு பேட் அட்ரஸ்’ என்று ஒரு வரி, கீழே புரியாத எண்கள். சில நாள் ‘பஸ் எரர்’ என்று மொத்தமாகவே செத்துப்போகிறது. திரும்ப ஏற்றினால் அடுத்த ஐந்தாறு நாள் பிரச்சினை இல்லை. ராம் போய்விட்டது, எல்லாவற்றையும் மாற்றுங்கள் என்கிறார் சர்வர் விற்றவர். விண்டோஸிலும் எடை சாஃப்ட்வேர் ‘ஆக்சஸ் வயலேஷன்’ காட்டி மூடிக்கொள்கிறது. மாற்றிவிடலாமா ஐயா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். ஏற்றினால் ஐந்தாறு நாள் ஓடும் என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. கெட்டுப்போன ராம் நாள் எண்ணி, பேக்கப் நேரம் பார்த்து, மூன்றில் ஒரு மெஷினை மட்டும் தேர்ந்தெடுத்துக் கவிழ்க்காது. நானும் ஒருமுறை இதே வரியைப் பார்த்துப் பயந்து, குன்னூரிலிருந்து பர்லியார் வழியாக இறங்கி, கோவை போய் ராம் வாங்கி வந்து மாட்டினேன். ஆறாம் நாள் அதே நேரத்துக்கு நின்றது. அந்த ராம் இன்னும் என் மேஜை டிராயரில் கிடக்கிறது.

மெஷின் ஏன் நிற்கிறது என்று புரிய, முதலில் ‘பேஜ் ஃபால்ட்’ என்ற சொல்லைத் தெரிந்துகொள்வோம். பேஜ் ஃபால்ட் என்றால் பழுது இல்லை. கணக்கு மெஷினுக்கு 10 ஜிபி கொடுத்ததாக நீங்கள் நினைக்கிறீர்கள். கொடுத்தது வாக்கு மட்டும்தான். இலை போடும் விவசாயியின் பாஸ் புத்தகத்தில் இத்தனை ரூபாய் என்று எழுதித் தருகிறோம். அந்த நிமிஷமே பணத்தை எண்ணி அவர் பெயரில் தனியாக எடுத்து வைப்பதில்லை. கவுன்டருக்கு வந்து கேட்கும்போதுதான் பெட்டியைத் திறக்கிறோம். மெமரியும் அப்படித்தான். கெஸ்ட், அதாவது உள்ளே ஓடும் விர்ச்சுவல் மெஷின், ஒரு பக்கத்தை (மெமரியின் ஒரு சிறு துண்டை) முதன்முதலில் தொடும்போதுதான் ஹோஸ்ட், அதாவது உங்கள் சர்வர், உண்மையான ராமிலிருந்து 4 கேபி எடுத்துக் கொடுக்கிறது. அந்த முதல் தொடுதலுக்குப் பெயர்தான் ஃபால்ட். மெஷின் பூட் ஆகும் நேரத்தில் இது சரமாரியாக நடக்கும், யாருக்கும் தெரியாது.

உள்ளே நடப்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். கெஸ்டுக்குள் ஒரு பேஜ் டேபிள், அதாவது எந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்ற பட்டியல், இருக்கிறது. அது அந்த மெஷினின் சொந்தக் கணக்கு. அதற்கு அடியில் ஹோஸ்ட் வைத்திருக்கும் இரண்டாவது டேபிள் ஒன்று உண்டு. இன்டெல்லில் இதற்கு இபிடி என்றும் ஏஎம்டியில் என்பிடி என்றும் பெயர். 2007, 2008 வாக்கில் பிராசசர்களிலேயே வந்துவிட்ட வசதி இது. முதல் டேபிளில் பக்கம் இல்லையென்றால் அது கெஸ்டின் வீட்டு விவகாரம். அதன் கெர்னலே (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) பார்த்துக்கொள்ளும், ஹோஸ்ட் காதுக்கே வராது. இரண்டாவதில் இல்லையென்றால் மட்டும் பிராசசர் கெஸ்டை அந்த இன்ஸ்ட்ரக்ஷனிலேயே நிறுத்தி, ஹோஸ்ட் கெர்னலுக்குள் இருக்கும் கேவிஎம்மிடம் ஒப்படைக்கிறது.

கேவிஎம் முதலில் பார்ப்பது, கெஸ்ட் தொட்ட முகவரி மெமரி என்று பதிவான எல்லைக்குள் இருக்கிறதா என்பதை. இல்லையென்றால் அது ஏதோ ஒரு டிவைஸின் முகவரி. பணம் வாங்க வராமல் மனு கொடுக்க வந்த ஆள் மாதிரி. டிவைஸ்களைப் பாவனை செய்யும் க்யூஎமுவிடம் அனுப்பிவிடும். எல்லைக்குள் இருந்தால் ஹோஸ்ட் கெர்னலிடம் ஒரு பக்கம் கேட்கும், வாங்கி டேபிளில் எழுதும், கெஸ்டை விட்ட இடத்திலிருந்தே ஓட விடும். நடுவில் தான் நின்றதே கெஸ்டுக்குத் தெரியாது. பக்கம் ஸ்வாப்புக்கு (ராம் நெருக்கடியில் டிஸ்கில் ஒதுக்கி வைக்கும் இடத்துக்கு) போயிருந்தால் பெட்டியில் இல்லாத பணத்துக்கு பேங்க் வரை ஆள் அனுப்பின கதைதான். தாமதமாகும், ஆனால் வந்துவிடும்.

உங்களுக்கு நடப்பது வேறு. கேவிஎம் கேட்டது, ஹோஸ்ட் கெர்னல் கையை விரித்துவிட்டது. அப்போது கேவிஎம் க்யூஎமுவுக்குத் திருப்பி அனுப்பும் பிழைக்கு யூனிக்ஸ் காலத்திலிருந்தே ‘பேட் அட்ரஸ்’ என்று பெயர். முகவரியில் ஒரு கோளாறும் இல்லை; அந்த முகவரிக்குக் கொடுக்கச் சரக்கு இல்லை, அவ்வளவுதான். க்யூஎமு அந்த சிபியூவின் ரிஜிஸ்டர்களை (அது அப்போது கையில் வைத்திருந்த எண்களை) அச்சடித்துவிட்டு மெஷினை நிறுத்திவிடும். நீங்கள் பார்த்த புரியாத எண்கள் அவைதான். அவற்றில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். கெஸ்ட் அந்த நேரத்தில் எந்த வேலையில் இருந்தது என்று மட்டும் சொல்லும், சரக்கு ஏன் இல்லை என்று சொல்லாது. இந்த நிலையில் ‘கன்டினியூ’ கொடுத்தாலும் ஓடாது, ரீசெட் கேட்கும்.

சரி, 32 ஜிபியில் மூன்றுக்கும் சேர்த்து 22 தானே போகிறது, எப்படித் தீரும்? விர்ட்டியோ எஃப்எஸ் என்று எழுதியதைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் அங்கேதான் போனது. அதற்குக் கெஸ்ட் மெமரி பகிரக்கூடியதாக இருக்க வேண்டும். பழைய வழிகாட்டிகளைப் பார்த்து ஸ்கிரிப்ட் எழுதியவர்கள் பெரும்பாலும் மெமரியை /டெவ்/எஸ்எச்எம் என்ற இடத்தில் வைப்பார்கள். உங்கள் ஸ்கிரிப்டிலும் அந்தப் பெயர் இருக்கும், தேடிப் பாருங்கள். அது ராமிலேயே இருக்கும் ஒரு தற்காலிக ஃபைல் சிஸ்டம். யாரும் மாற்றாவிட்டால் அதன் அளவு மொத்த ராமில் பாதி, அதாவது உங்களுக்கு 16 ஜிபிக்குக் கொஞ்சம் கீழே. அதற்குள் 10, 8 என்று 18 ஜிபிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள்.

தொடங்கும்போது ஏன் சொல்லவில்லை என்றால், அந்த ஃபைல் சிஸ்டம் இடத்தை முன்கூட்டியே ஒதுக்குவதில்லை; தொடத் தொடத்தான் நிரம்பும். கேமரா மெஷின் ராப்பகலாக எழுதுகிறது. லினக்ஸ் சும்மா கிடக்கும் மெமரியையெல்லாம் ஃபைல் கேஷாக (படித்த, எழுதிய ஃபைல்களின் நகலாக) நிரப்பிக்கொள்ளும் என்பதால், ஓரிரு நாளிலேயே அது தன் 8 ஜிபியையும் தொட்டு முடித்திருக்கும். கெஸ்டுக்குள் ‘ஃப்ரீ’ என்று காட்டினாலும், ஒருமுறை தொட்ட பக்கம் தானாக ஹோஸ்டுக்குத் திரும்பாது. கணக்கு மெஷினுக்கு மிஞ்சுவது 8-க்கும் கீழே. பகலில் நாலு பில் போடுவதற்கு அது போதும். ஒவ்வொரு நாள் பேக்கப்பும் இன்னும் கொஞ்சம் புதுப் பக்கங்களைத் தொடும். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ பெட்டி காலி.

இரண்டு விதமாகச் சாவதற்கும் காரணம் இதுவே. இல்லாத பக்கத்தைக் கெஸ்டின் சிபியூ தொட்டால் ‘பேட் அட்ரஸ்’, மெஷின் நின்றபடி இருக்கும். கெஸ்ட் மெமரியில் எதையாவது எழுதப் போன க்யூஎமுவே நேரடியாகத் தொட்டால் ஹோஸ்ட் கெர்னல் அதற்கு ‘பஸ் எரர்’ சிக்னல் அனுப்பும், க்யூஎமு அங்கேயே முடிந்தது. ராம் விற்பவர்கள் ‘பஸ் எரர்’ என்றதும் ஹார்ட்வேர் என்பார்கள். பாவம், பெயர் அப்படி.

அடுத்த தடவை நின்றதும் ரீசெட் பண்ணுவதற்கு முன் ஹோஸ்டில் எவ்வளவு இடம் நிரம்பியது என்று காட்டும் டிஎஃப் கமாண்ட் கொடுத்து அந்த /டெவ்/எஸ்எச்எம் வரியைப் பாருங்கள். நூறு சதவீதம் என்று இருந்தால் வேறு சாட்சி வேண்டாம்.

சரிசெய்ய நான் சொல்லும் வழி, ஸ்கிரிப்டில் மெமரி பேக்கெண்டை (கெஸ்டின் மெமரி எங்கிருந்து வரும் என்று சொல்லும் இடத்தை) ஃபைலிலிருந்து மெம்-எஃப்டி என்பதற்கு மாற்றுவது. பகிர்வு அப்படியே இருக்கும், பாதி ராம் என்ற வரம்பு அதற்குக் கிடையாது. கூடவே ப்ரீ-அலாக் என்பதையும் ‘ஆன்’ செய்துவிடுங்கள். க்யூஎமு தொடங்கும்போதே முழு 10 ஜிபியையும் தொட்டு வாங்கிவிடும். தொடங்கச் சில விநாடிகள் கூடும், போகட்டும். போதாமல் போனால் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே, ஏற்றும் நேரத்திலேயே தெரிந்துவிடும். ராத்திரி முழுக்க ரோலர் ஓடி, விடிந்தால் இலைக் கணக்கு வேண்டும் என்கிற நாளில் நிற்பதைவிட அது எவ்வளவோ மேல். சிலர் /டெவ்/எஸ்எச்எம் அளவையே கூட்டிவிடுவார்கள். 20 ஜிபி ஆக்கினால் உங்களுக்கும் ஓடும். ஆனால் அதைக் கண்டபடி கூட்டினால் ஹோஸ்டே மெமரி இல்லாமல் திணறும்.

விண்டோஸ் எடை சாஃப்ட்வேரை இதோடு முடிச்சுப் போடாதீர்கள். ‘ஆக்சஸ் வயலேஷன்’ முதல் டேபிள் சமாச்சாரம். அந்த புரோகிராம் தனக்குச் சொந்தமில்லாத இடத்தைத் தொட்டிருக்கிறது, விண்டோஸ் மூடிவிட்டது. மெமரி தராமல் ஹோஸ்ட் கைவிட்டால் மெஷின் முழுவதும் நிற்கும், ஒரு புரோகிராம் மட்டும் மூடாது. அதை எழுதிக் கொடுத்தவரிடம் கேளுங்கள்.

ராமே கெட்டிருந்தால் அடையாளம் வேறு. ஹோஸ்டின் கெர்னல் லாகில் ‘ஹார்ட்வேர் எரர்’, ‘மெமரி ஃபெயிலியர்’ என்று வரிகள் வரும். சிறு பிழைகளைத் தானே திருத்தும் இசிசி ராம் என்றால் சரிசெய்துகொண்ட பிழைகளின் எண்ணிக்கையும் ஏறிக்கொண்டே போகும். சரிசெய்ய முடியாத பிழை வந்தால் கெர்னல் அந்தப் பக்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டு க்யூஎமுவுக்குச் சொல்லும். க்யூஎமு அதை மெஷின் செக் என்ற ஹார்ட்வேர் எச்சரிக்கையாகக் கெஸ்டுக்குக் கடத்தும். முடிந்தவரை, கெஸ்ட் லினக்ஸ் அந்தப் பக்கத்தை வைத்திருந்த புரோகிராமை மட்டும் கொல்லும். அப்படி ஒரு வரியாவது கண்ணில் பட்டால், தொழிற்சாலை ஓடாத ஒரு ராத்திரி ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் போட்டு விடிய விடிய ஓட விடுங்கள், ராம்களை ஒவ்வொன்றாக மாட்டி. எது சிக்குகிறதோ அதை மட்டும் வாங்கினால் போதும்.