வேகமான கருப்பு நகைச்சுவை ஆக்‌ஷன் படங்களில் பாதி வசனம் காதில் விழவில்லை, கொலைக் காட்சியில் ஏன் சிரிக்கிறார்கள் என்றும் புரியவில்லை. கும்பகோணத்தில் வீட்டு டிவியில்தான் பார்க்கிறேன். எப்படி ரசிப்பது?

முதலில் டிவியைக் கவனியுங்கள். பொதுவாகப் படம் நொடிக்கு 24 பிரேம். டிவி தானாக நடுவில் பிரேம்களைச் செருகினால் சண்டைக்காட்சி சீரியல் போல வழவழவென்றாகி, அடியின் கனம் போய்விடும். ‘மோஷன் ஸ்மூத்திங்’ போன்ற பெயரில் இருக்கும் அந்த வசதியை அணைத்துவிடுங்கள்.

வசனம் அமுங்குவதற்குக் காரணம் வேறு. ஆறு ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துத் தரும் 5.1 ஒலியில் பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கானது. டிவியின் இரண்டு ஸ்பீக்கரில் அதைச் சுருக்கும்போது இசைக்குள் புதைந்துவிடும். ஆடியோ தேர்வில் ஸ்டீரியோ டிராக் (இரண்டு ஸ்பீக்கருக்கான ஒலி) இருந்தால் அதைப் போடுங்கள். டிவியின் ஒலி அமைப்பில் ‘நைட் மோட்’ இருந்தால், அது துப்பாக்கிச் சத்தத்தை அடக்கி முணுமுணுப்பைத் தூக்கும். மின்விசிறியையும் 5-லிருந்து 3-க்குக் குறையுங்கள். சித்திரை வெயிலில் கஷ்டம்தான்!

சிரிப்புக்கு வருவோம். நம் பக்கத்துச் சாவு வீட்டை நினைத்துப் பாருங்கள்: உள்ளே ஒப்பாரி, பந்தலில் காபிக்குச் சர்க்கரை போதவில்லை என்று மாமா ஒருவர் சண்டை. செத்தவரைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. அந்த நேரத்திலும் மாறாத மாமாவைப் பார்த்துத்தான் சிரிப்பு. இந்தப் படங்களும் அதே கணக்குதான். பிணம் கிடக்கும், கொன்றவனுக்கோ செருப்பு அறுந்த கவலை. ஆகவே அடிப்பவனை விட்டு, பக்கத்தில் நிற்பவன் முகத்தைப் பாருங்கள்.

முதல் 20 நிமிடம் போனைத் தொடாதீர்கள். பணப்பை யார் கையில், யார் யாருக்குக் கடன் என்பதெல்லாம் அங்கேயே சொல்லிவிடுவார்கள். தவறவிட்டால் பின்பாதி வெறும் இரைச்சல். குழந்தைகளோடு பார்ப்பதென்றால் தணிக்கைச் சான்றிதழைப் பாருங்கள்: 2024 முதல் யு/ஏ-வில் (பெற்றோர் வழிகாட்டலோடு பார்க்க வேண்டியவை) 7+, 13+, 16+ என்று தனித்தனிப் பிரிவுகள் உண்டு.