கார்பனுக்கு மட்டும் ஏன் இத்தனை நிதானம்?

கேள்வி: ஹீலியம்-6 ஒரு வினாடிக்குள் பாதியாகிவிடுகிறது, கார்பன்-14 பாதியாக 5,730 ஆண்டுகள் ஆகின்றன. இரண்டும் பீட்டா சிதைவுதானே? இந்த வித்தியாசத்தைக் கணக்குப் போட்டுச் சொல்ல முடியுமா?

பதில்: பழைய காயத்தைக் கிளறிவிட்டீர்கள்! ஆராய்ச்சி மாணவனாக நான் கார்பன்-14க்கு முதலில் போட்ட கணக்கில் அரை ஆயுள் சில நாட்கள்தான் வந்தது. நிரலில் பிழை என்று மூன்று வாரம் தேடினேன். நிரல் சரியாகத்தான் இருந்தது.

இரண்டும் பீட்டா சிதைவுதான்: கருவில் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறி எலக்ட்ரானை உமிழ்கிறது. அதிலும் இரண்டுமே காமோவ்-டெல்லர் என்ற வகை. கருவின் தற்சுழற்சி 0 என்பதிலிருந்து 1 ஆகிறது; விதிப்படி தடையே கிடையாது. இயற்பியலாளர் ஃபெர்மி 1934இல் வகுத்த கோட்பாட்டின்படி, வெளியேறும் ஆற்றல் கூடினால் வேகமும் கூடும். ஹீலியத்தில் அது சுமார் 35 லட்சம் எலக்ட்ரான் வோல்ட், கார்பனில் 1.56 லட்சம்தான். இதனால் மட்டுமே வேகம் ஒரு லட்சம் மடங்குக்கு மேல் வேறுபடும். இது சுலபமான பகுதி. ஆனால் இரண்டு அரை ஆயுள்களுக்கும் இடையே இருப்பது சுமார் 22,000 கோடி மடங்கு. மீதமுள்ள பத்து லட்சத்துச் சொச்சம் எங்கிருந்து வருகிறது?

கருவின் உள்ளமைப்பிலிருந்து. புரோட்டான்களும் நியூட்ரான்களும் கருவுக்குள் அடுக்கடுக்காக அமர்ந்திருப்பதாகக் கொள்ளும் ஷெல் மாதிரியில் கார்பன்-14இன் நிலை ஒரே அமைப்பு அன்று, சில அமைப்புகளின் கலவை. சிதைந்து உருவாகும் நைட்ரஜன்-14உம் அப்படியே. ஒவ்வோர் அமைப்பு வழியாகவும் ஒரு பங்களிப்பு வரும். ஒன்று கூட்டல் குறியோடு, மற்றொன்று கழித்தல் குறியோடு. வரவும் செலவும் நேராகிக் கையிருப்பில் சில்லறை மட்டும் மிஞ்சுகிறது. மிஞ்சுவது அவ்வளவு குறைவு என்பதால்தான் சிதைவு மெதுவாகி 5,730 ஆண்டுகள் ஆகின்றன. கலவை விகிதம் கொஞ்சம் பிசகினாலும் விடை தலைகீழாகிவிடும். நான் மாட்டிக்கொண்டது அங்கேதான். நியூக்ளியான்களை (புரோட்டான், நியூட்ரான் இரண்டுக்கும் பொதுப்பெயர்) இரண்டிரண்டாக மட்டும் பார்த்தால் போதாது, மூன்று சேரும்போது எழும் விசையும் இந்தச் சமனுக்கு வேண்டும் என்று 2011இல் மீக்கணினிக் கணக்குகள் காட்டின.

ஆகவே உங்கள் கேள்விக்கு: ஹீலியத்துக்கு நம்பிச் சொல்லலாம். கார்பனுக்கு, விடை முன்பே தெரியாமலிருந்தால், என் கணக்கை நானே நம்பியிருக்க மாட்டேன்.

இன்னொரு வெட்கக்கேடு. நடுத்தர எடையுள்ள கருக்களுக்கு எங்கள் கணக்கு எப்போதும் வேகத்தை அதிகமாகவே காட்டும். அதனால் காமோவ்-டெல்லர் வலிமை எண்ணைச் சுமார் 0.75ஆல் பெருக்கிச் சரிக்கட்டுவோம். காரணம் கேட்டால் பேச்சை மாற்றிக்கொண்டிருந்தோம். நியூக்ளியான்களின் நெருக்கமான பிணைப்பும், ஜோடியாக அவை சிதைவில் பங்கேற்பதும் அந்தக் குறைவை விளக்குகின்றன என்று 2019இல்தான் தெளிவாயிற்று. என் பழைய குறிப்பேட்டில் அந்த 0.75 எல்லாப் பக்கங்களிலும் பென்சிலில்தான் இருக்கிறது. பேனாவால் எழுதக் கை வரவில்லை.