5.6 கோடி ஆண்டுக்கு முந்தைய கடலுக்கு யார் தெர்மாமீட்டர் வைத்தது?

பேலியோசீன் காலம் முடிந்து ஈயோசீன் தொடங்கிய சமயத்தில், அதாவது சுமார் 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமி சில ஆயிரம் ஆண்டுகளுக்குள் 5 முதல் 6 டிகிரி வரை சூடானது. அதைப் பற்றி எழுதியதும் நிறையக் கேள்விகள் வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: மனிதனே இல்லாத காலத்தின் கடல் வெப்பத்தை எப்படி ஐயா அளக்கிறீர்கள்? ஊகம்தானே? (ஓய்வுபெற்ற ஆசிரியர், திருச்சி)

ஊகம் இல்லை, சாட்சி விசாரணை. கடலில் ஃபோராமினிஃபெரா என்ற ஒற்றைச் செல் உயிரிகள் உண்டு. மணல் துகள் அளவே இருக்கும், சுண்ணாம்பில் ஓடு கட்டும். ஓட்டில் சேரும் ஆக்சிஜனில் எடை குறைந்தது (16), கூடியது (18) என்று இரண்டு வகை முக்கியம். ஏறத்தாழ ஐந்நூறு அணுவுக்கு ஒன்றுதான் கனமானது. தண்ணீர் குளிர்ந்தால் கனமான ஆக்சிஜன் ஓட்டில் சற்று அதிகமாகச் சேரும், சூடானால் குறையும். உயிரி செத்து அடியில் படிந்து கோடி ஆண்டு ஆனாலும் அந்த விகிதம் ஓட்டில் தங்கிவிடுகிறது.

இதை 1947இல் எழுதியவர் ஹெரால்ட் யூரே, கன ஹைட்ரஜனைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய அதே வேதியியலாளர். 1951இல் அவர் குழு ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் கிடைத்த ஒரு பெலெம்னைட்டை (கணவாய்க்கு உறவான பழைய உயிரி) வளையம் வளையமாகச் சுரண்டி அளந்தது. அந்தப் பிராணி மூன்று கோடையும் நான்கு குளிர்காலமும் கண்டு, வசந்தத்தில் செத்தது என்று எழுதினார்கள். டைனோசர் காலத்து ஜீவனுக்கு ஜாதகம் கணித்த மாதிரி! எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத இடம் இது.

கேள்வி: துருவத்தில் பனி உருகினாலும் அந்த ஆக்சிஜன் விகிதம் மாறும் என்று படித்தேன். அப்புறம் எப்படி நம்புவது? (கல்லூரி மாணவி, கோவை)

சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். லேசான ஆக்சிஜன் உள்ள நீர் முதலில் ஆவியாகும், அது பனிப்பாறையாக நிலத்தில் முடங்கினால் மிச்சக் கடல் கனமாகிவிடும். ஓட்டின் விகிதத்தை மட்டும் பார்த்தால் குளிரா, பனியா என்று பிரிக்க முடியாது. நல்லவேளையாக, 5.6 கோடி ஆண்டுக்கு முன் பெரிய பனிப்போர்வை இல்லை. அதனால் இந்தத் தொல்லை பெருமளவு குறைகிறது. உப்புச் செறிவு செய்யும் குழப்பம் மட்டும் மிச்சம்.

அதற்காகத்தான் வேறு சாட்சிகள். அதே ஓட்டில் மக்னீசியம் எவ்வளவு என்று பார்க்கிறோம்: நீர் சூடாக இருந்தால் மக்னீசியம் அதிகம். இன்னொன்று ஆர்க்கியா என்ற நுண்ணுயிரிகளின் சவ்வுக் கொழுப்பு. மார்கழியில் உறைந்து நிற்கும் தேங்காய் எண்ணெய் சித்திரையில் ஓடுகிறதல்லவா? சவ்வும் கொழுப்புதான். ரொம்ப இளகிவிடாமல் இருக்க, சூட்டில் வாழும் ஆர்க்கியா தன் கொழுப்பு மூலக்கூறில் வளையங்களைக் கூட்டிக்கொள்கிறது. அந்த வளையங்களை எண்ணி வெப்பத்தைச் சொல்லும் முறைக்கு டெக்ஸ்-86 என்று பெயர். 2002இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் கொண்டுவந்தது.

ஒவ்வொரு சாட்சிக்கும் ஒரு குறை உண்டு. பண்டைக் கடலின் மக்னீசிய அளவே வேறு. டெக்ஸ்-86 கணக்கோ இன்றைய கடலை வைத்துப் போட்டது, ஆண்டுச் சராசரி 30 டிகிரியை நன்றாகத் தாண்டும் கடல் இன்று இல்லாததால் அதற்கு மேலே வரைகோட்டை நீட்டித்தான் படிக்க வேண்டும். ஆனால் குறைகள் ஒன்றுபோல இல்லை என்பதுதான் நமக்குச் சாதகம். வேறு வேறு காரணத்துக்காகப் பொய் சொல்லக்கூடிய மூன்று பேர் ஒரே கதையைச் சொன்னால் நம்பலாம்.

கேள்வி: சாட்சிகள் ஒத்துப்போகாவிட்டால்? (பெயர் எழுதவில்லை)

அங்கேதான் சுவாரசியமே. பல வருடங்களாக ஒரு புதிர் இருந்தது. ஈயோசீன் காலத்தில் துருவப் பக்கம் இதமான வெப்பம், முதலை இனங்கள்கூட வாழ்ந்தன. ஆனால் வெப்பமண்டலக் கடலில் எடுத்த ஓடுகளோ, அங்கே இன்றையதைவிடக் குளிர் என்றன! துருவம் சூடாகி நடுப்பகுதி எப்படிக் குளிரும்? காலநிலையைக் கணக்கிடும் கணினி மாதிரிகள் திணறின, அந்த மாதிரிகளையே சந்தேகப்பட்டவர்களும் உண்டு.

2001இல் ஆய்வாளர் பால் பியர்சனின் குழு தான்சானியாவின் களிமண் படிவிலிருந்து கண்ணாடி போலத் தெளிந்த ஓடுகளை எடுத்து அளந்தது. 28 முதல் 32 டிகிரி! முந்தைய ஓடுகள் ஆழ்கடல் அடியில் கிடந்தவை. அங்கே சுண்ணாம்பு மெதுவாகக் கரைந்து மறுபடி படிகமாகும்போது அடிக்கடலின் குளிரைத் தன்மேல் பூசிக்கொண்டது. வெளியே பார்த்தால் அழகான ஓடுதான், உள்ளே பாதி வேறு கதை. களிமண் மூடிக் காத்த ஓடு மட்டும் உண்மையைச் சொன்னது. கணினி மாதிரியைச் சந்தேகிப்பதற்கு முன் ஓடுகளை நுண்ணோக்கியில் பார் என்று இன்றும் மாணவர்களிடம் சொல்கிறேன்.

கேள்வி: இந்த நிகழ்வை முதலில் எங்கே கண்டுபிடித்தார்கள்?

அன்டார்க்டிகா அருகே வெடெல் கடலில். 1987இல் கடலடியில் 690 என்று எண்ணிட்ட இடத்தில் துளையிட்டு உருளையாக எடுத்த மண்தூணை வைத்து, கென்னட், ஸ்டாட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1991இல் எழுதினார்கள். ஆழ்கடல் அடியில் வாழ்ந்த ஃபோராமினிஃபெரா இனங்களில் 30 முதல் 50 சதவீதம் அந்தச் சமயத்தில் அழிந்தன. 2004இல் வட துருவத்தருகே லோமோனோசொவ் என்ற கடலடி மலைமுகட்டில் துளையிட்டபோது, அங்கேயும் கடல் மேற்பரப்பு சுமார் 18இலிருந்து 23 டிகிரிக்கு மேல் ஏறியிருந்தது தெரிந்தது.

கேள்வி: இந்த மண்தூண்களெல்லாம் கொச்சியில் இருப்பதாகச் சொன்னார்களே, போய்ப் பார்க்கலாமா?

கேரளத்துக்கு டிக்கெட் எடுத்துவிடாதீர்கள்! அது ஜப்பானின் கோச்சி. இந்தியப் பெருங்கடல் தூண்கள் அங்கே குளிர்ந்த கிடங்கில் இருக்கின்றன. ஜெர்மனியின் பிரெமென், அமெரிக்காவின் டெக்சாஸ் ஆகிய இடங்களிலும் இப்படிக் கிடங்குகள் உண்டு.

கேள்வி: பூமி தானாகவே அவ்வளவு சூடானது என்றால், இப்போது ஏன் பயமுறுத்துகிறீர்கள்? (தொழிலதிபர், ஈரோடு)

தானாக என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். அப்போதும் காரணம் காற்றில் ஏறிய கார்பன்தான். வட அட்லாண்டிக் எரிமலைகள் முக்கிய சந்தேக நபர், கடலடி மீத்தேன் உடந்தையாக இருந்திருக்கலாம். வித்தியாசம் வேகத்தில். அன்று ஆண்டுக்கு சுமார் 100 கோடி டன் கார்பன் என்பது ஒரு கணிப்பு. இன்று நாம் எரிபொருளால் மட்டும் ஏறத்தாழ 1,000 கோடி டன் விடுகிறோம். அந்த மெதுவான வேகத்திலேயே கடல் மீண்டு வர ஒன்றரை லட்சம் ஆண்டுக்கு மேல் ஆனது. அப்போது இந்தியா தனித் தீவாக வடக்கே நகர்ந்துகொண்டிருந்தது. ஈரோட்டில் யாரும் ஜவுளிக் கடை வைத்திருக்கவில்லை.

கேள்வி: இந்த ஓடுகளை நாங்கள் பார்க்க முடியுமா? (8ஆம் வகுப்பு மாணவன், ராமநாதபுரம்)

உன் ஊர்ப் பக்கமே போதும் தம்பி. ராமேஸ்வரம் கடற்கரையில் ஒரு சிட்டிகை மணலைக் கறுப்புத் தாளில் பரப்பி, பத்து மடங்கு காட்டும் லென்ஸ் வைத்துப் பார். சுருள் சுருளாக, அறை அறையாக வெள்ளைத் துணுக்கு தெரிந்தால் அது ஃபோராமினிஃபெராவாக இருக்கலாம். மணலை வெறும் தண்ணீரில் அலசு. சுத்தமாகட்டும் என்று வினிகரை ஊற்றிவிடாதே, ஓடு கரைந்துபோகும். 5.6 கோடி ஆண்டுக்கு முன் கடலில் அமிலத்தன்மை கூடியபோது ஆழத்தில் நடந்ததும் அதுதான்: தெற்கு அட்லாண்டிக்கின் வால்விஸ் முகட்டுத் தூண்களில் அந்தக் காலத்து அடுக்கில் வெள்ளைச் சுண்ணாம்பு சட்டென்று நின்று, ஒரு செங்களிமண் பட்டை மட்டும் இருக்கும்.